உருளாத தண்டு

"என் அண்ணன் இவ்வளவு நல்லவன் கிடையாது சார். அதான் பயமா இருக்கு."

இரண்டு மாடி ஏறி வந்த தையல் டீச்சர், மூச்சு வாங்கி முடிப்பதற்குள் சொன்னது இது. ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகியும் தெருவுக்கெல்லாம் அவர் தையல் டீச்சர்தான். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் பிஸ்கட் டின். தோள்பையிலிருந்து பாதி பின்னிய ஸ்வெட்டரின் கை ஒன்று வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

துப்பறிவாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் முப்பது வருடம் தபால் இலாகாவில், முகவரி புரியாமல் தேங்கிவிட்ட கடிதங்களைப் பிரித்துப் படித்து உரியவரைக் கண்டுபிடிக்கும் பிரிவில் இருந்தவர். மனைவி போன பிறகு வீட்டில் அவரும் மனைவியின் தம்பியும் மட்டும். மைத்துனருக்குத் துப்பு என்றால் உயிர். பொறுமை என்றால் வேப்பங்காய்.

"நல்லவனா மாறினதுக்கெல்லாமா புகார் கொடுப்பாங்க?" என்றார் மைத்துனர்.

"மாப்ளே, டீச்சருக்குத் தண்ணி கொண்டு வா."

தண்ணீர் குடித்துவிட்டு டீச்சர் விஷயத்தைச் சொன்னார். அண்ணன் புல் ஆராய்ச்சிக்காரர். கல்யாணம் ஆகாதவர். "புல்லைக் கட்டிக்கிட்டவன்" என்றார் டீச்சர். இருபத்திரண்டு வருடமாகச் சதுப்பு நிலத்தின் நடுவில் ஓர் ஆராய்ச்சிக் கொட்டகையில் இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்குக் கண் சுத்தமாகப் போய்விட்டது. அப்போதும் ஊர் திரும்பவில்லை. கூட இருக்கும் உதவியாளரிடம் அவர் சொல்லச் சொல்ல, அந்த ஆள் கடிதம் எழுதுவார். அதனால் கையெழுத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

"அஞ்சு மாசமா என் முழங்கால் எப்படி இருக்குன்னு கேக்குறான் சார். எனக்கு முழங்கால்னு ஒண்ணு இருக்குறதே அவனுக்குத் தெரியாது. முன்னெல்லாம் நான் எழுதி ரெண்டு மாசம் கழிச்சு நாலு வரி வரும். இப்ப அடுத்த தபால்லயே வருது. கேட்டதுக்கெல்லாம் ஒண்ணொண்ணா பதில். ஸ்வெட்டர் பின்றேன்னு எழுதினேன். 'வேண்டாம், உனக்குச் சிரமம்'னு எழுதியிருக்கான். எதையும் வேண்டாம்னு சொல்ற ஆளே இல்ல அவன்."

"அவர் ஆபீஸ்ல விசாரிச்சீங்களா?"

"போன் பண்ணேன். அங்க ஆள் இருக்காங்களான்னு கேட்டேன். 'ஒருத்தர் இருக்காரும்மா, நல்லாத்தான் இருக்கார்'னு சொல்லிட்டு வச்சுட்டாங்க." டீச்சர் ஸ்வெட்டரின் கையைப் பைக்குள் தள்ளினார். "இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் சேத்துல போக முடியாது. அவனும் நானும் மட்டும்தான் மிச்சம். அவன் உயிரோட இருக்கானான்னு பார்த்துச் சொல்லுங்க. போதும்."

பிஸ்கட் டின்னில் கடிதங்கள் தேதிவாரியாக இருந்தன. ஒவ்வொன்றோடும் ஒரு காகிதக் குழல், அதற்குள் விரல் நீளத்தில் ஒரு காய்ந்த தண்டு. துப்பறிவாளர் ஒரு வருடத்துக்கு முந்திய கடிதம் ஒன்றை எடுத்துப் படித்தார்.

"சுகம். மழை. ரம்பப்புல் பூத்துவிட்டது. மற்றப் புற்கள் பெரும்பாலானவற்றுக்கு மகரந்தத்தாள் மூன்று, இதற்கு ஆறு. கணுவைச் சுற்றி வெள்ளை மயிர். கணு இல்லாத துண்டை அனுப்புவது முகம் இல்லாத போட்டோவை அனுப்புகிற மாதிரி, கணுவோடு அனுப்பியிருக்கிறேன். நசுக்காமல் வை. விரலால் பார்க்கிறவனுக்கு நசுங்கிய தண்டு அழிந்த எழுத்து. நீ இதைக் கோரைப்புல் என்று எழுதியிருந்தாய். கோரை புல்லே இல்லை. இன்னொரு தடவை எழுதினால் கடிதத்தைக் கிழித்துப் போடுவேன். வேறில்லை."

"இதுதான் என் அண்ணன்" என்றார் டீச்சர், பெருமையாக.

அடுத்து, கடைசியாக வந்த கடிதம்.

"அன்புத் தங்கைக்கு, முழங்கால் வலி குறைந்ததா? வெந்நீர் ஒத்தடம் கொடு. மாடிப்படி ஏறாதே. இங்கே குளிர் அதிகம். சாயங்காலம் பறவைகள் போய்விட்டால் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இன்று காலை நானே பறித்த கோரைப்புல் ஒன்றை வைத்திருக்கிறேன். பத்திரம்."

துப்பறிவாளர் இரண்டு குழல்களையும் தட்டி, தண்டுகளை மேஜைமேல் வைத்து ஒவ்வொன்றாக விரலால் தள்ளினார். பழையது விளிம்பு வரை உருண்டு போனது. புதியது அசையாமல் படுத்துக் கிடந்தது. டீச்சருக்கு இரண்டும் புல்தான். அவர் ஊன்றுகோலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மூணு நாள் டைம் கொடுங்க" என்றார் துப்பறிவாளர்.

பஸ்ஸை விட்டு இறங்கி, சதுப்பு நிலத்தின் கரைமேல் ஒரு மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது. ஒரு மனிதரையும் காணோம். இரண்டு பக்கமும் தண்ணீரும் பச்சையும்தான். மைத்துனர் இரண்டு முறை வழுக்கி விழுந்து எழுந்தார்.

"எனக்கு அந்த உதவியாள் மேலதான் சந்தேகம் அத்தான். கிழவரை அடைச்சு வச்சிருக்கான்."

"எதுக்கு?"

"அது போனாத் தெரியும்."

"புல்லு மாறியிருந்துச்சே, கவனிச்சியா?"

"கண்ணு தெரியாத மனுஷன் மாத்திப் பறிச்சுட்டார். இதுல என்ன அதிசயம்?"

துப்பறிவாளர் நின்றார். "கண்ணு தெரியறவன்தான் மாப்ளே மாத்திப் பறிப்பான். ரெண்டும் ஈரத்துல வளருது, ரெண்டும் பச்சை, ரெண்டும் ஒல்லி. ஆனா புல்லோட தண்டு உருண்டை, உள்ள வெறும் குழாய், நடுவுல முட்டிமுட்டியா கணு. கோரைத்தண்டு மூணு பட்டையா இருக்கும், உள்ள கெட்டி, கணுவே கிடையாது. ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு உருட்டினா அந்தக் கணமே தெரிஞ்சுபோகும். விரலாலேயே மூணு வருஷம் புல்லைப் படிச்ச மனுஷன் கோரையை எடுத்துக் குழல்ல போட்டிருக்கவே முடியாது. கோரைப்புல்னு எழுதினா கிழிச்சுப் போடுவேன்னவர், அந்த வார்த்தையைத் தன் வாயால சொல்லியிருக்கவும் மாட்டார்."

மைத்துனரின் வேகம் குறைந்தது.

"இன்னொண்ணு. 'மூன்று தடவை படித்தேன்.' கண்ணு போனவர் எப்படிப் படிப்பார்? 'படிக்கச் சொல்லிக் கேட்டேன்'னுதானே சொல்வார்? பேச்சுத் துணைக்கு ஆள் இல்லையாம். ரெண்டு பேர் இருக்குற கொட்டகையில ஏன் ஆள் இல்லாம போச்சு? ஆபீஸ்காரங்க பொய் சொல்லல. ஒருத்தர் இருக்கார்னாங்க. டீச்சர்தான் அந்த ஒருத்தர் அண்ணன்னு நினைச்சுக்கிட்டாங்க."

"அப்போ கிழவர்..."

"இல்லைன்னுதான் நினைக்கிறேன். எனக்குப் புரியாதது ஒண்ணுதான். எழுதுறவன் எதையும் கேக்கல. கொடுக்குறதையும் வேண்டாம்னு சொல்றான். பின்ன என்னத்துக்கு எழுதுறான்?"

கொட்டகையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. ஒன்றில் மெத்தை சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. கழுவிக் கவிழ்த்த தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று. உதவியாளருக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம், சட்டைக் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. ஆள் வந்ததில் அவருக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. டம்ளரைத் துப்பறிவாளரிடம் நீட்டினார், பிறகு மைத்துனரிடம் நீட்டினார், பிறகு மேஜைமேல் வைத்தார்.

துப்பறிவாளர் கோரைத்தண்டை அவர் முன் வைத்தார். "இதை உருட்டுங்க."

உதவியாளர் விரலால் தள்ளினார். அது உருளவில்லை. மறுபடி தள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அய்யா போய் அஞ்சு மாசம் ஆச்சுங்க" என்றார். "காய்ச்சல். நாலே நாள். ஆபீஸ்லேர்ந்து வந்து பார்த்து, அடக்கம் பண்ணிட்டுப் போயிட்டாங்க. அய்யா ஆபீஸ் பாரத்துல உறவுன்னு போட்ட இடத்துல 'யாரும் இல்லை'ன்னு எழுதியிருந்தாராம். தங்கச்சி இருக்கறது எனக்கு மட்டும்தான் தெரியும். அன்னிக்கே எழுதிட்டேன்." அலமாரியிலிருந்து ஒட்டாத உறை ஒன்றை எடுத்து நீட்டினார். "தபால்ல போடக் கிளம்பினேன். எதிர்ல தபால்காரர் அந்தத் தங்கச்சியம்மா கடிதத்தோட வந்தார். முழங்கால் வலி, தூக்கம் இல்லைன்னு எழுதியிருந்தாங்க. அதுக்கு ஒரு வார்த்தை கேக்காம சாவுச் சேதியா அனுப்புறதுன்னு தோணுச்சு. ஒரு பதில் போட்டுட்டு அடுத்ததுல சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்கும் அவங்க பதில் போட்டுட்டாங்க."

"ஒவ்வொரு தடவையும்?"

"ஆமாங்க. எனக்கு இதுவரைக்கும் யாரும் கடிதம் போட்டதில்லை. தப்புதான். அய்யா சொல்லச் சொல்ல எழுதத்தான் தெரியும். அவர் விரல் எனக்கு ஏது? சின்ன வயசுலேர்ந்து கோரைப்புல்னுதான் சொல்லிப் பழக்கம்."

பின்பக்கம், தண்ணீர் ஓரத்து மேட்டில் அண்ணனை அடக்கம் செய்திருந்தார்கள். சுற்றிலும் இடுப்பளவுக்குப் பச்சை வேலி.

"அய்யாவோட புல்லையே கொண்டாந்து நட்டிருக்கேன்" என்றார் உதவியாளர்.

அத்தனையும் கோரை. மைத்துனர் வாயைத் திறந்தார். துப்பறிவாளர் அவர் காலை மிதித்தார். பிறகு தானே கரை ஓரம் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர்மேல் படர்ந்திருந்த பச்சையைத் தடவிப் பார்த்தார். சற்று நேரத்தில் விரலில் சுருக்கென்றது. இலை விளிம்பின் பல் அறுத்திருந்தது. கணுவுக்குக் கணு வேர்விட்டு, அந்தப் புல் மேட்டிலிருந்து பத்தே அடியில் கொடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சரின் வீட்டில் ஒரே அறை. தையல் மெஷின்மேல் துணி மூடியிருந்தது. துப்பறிவாளர் நடந்ததைச் சொன்னார், பாரத்தில் எழுதியிருந்ததை மட்டும் விட்டுவிட்டு. டீச்சர் ஒட்டாத உறையைப் பிரித்தார். உள்ளே இரண்டே வரி. அதைப் படித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

"அஞ்சு மாசமா செத்துப்போனவனுக்கு வெந்நீர் குடி, கம்பளி போத்திக்கோன்னு எழுதியிருக்கேன்" என்றார். "எனக்கு அழக்கூட விடலியே அந்த ஆள். அவனுக்கு என்ன உரிமை?"

"இல்லைதான்" என்றார் துப்பறிவாளர்.

"யாரும் இல்லாத மனுஷன் டீச்சர்" என்றார் மைத்துனர். "சமாதியைச் சுத்தி உங்கண்ணன் புல்லுன்னு நினைச்சு வேலி மாதிரி நட்டு வச்சிருக்கான். அவ்வளவும் கோரை."

டீச்சர் நிமிர்ந்தார். "கோரையா?"

"ஒரு புல்லுகூடக் கிடையாது."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. "அய்யோ, எந்திரிச்சு வந்து திட்டுவானே" என்று சிரித்தார். சிரிக்கச் சிரிக்கவே அழுகை வந்துவிட்டது. ஐந்து மாதமாக அழ வேண்டியதை அங்கே உட்கார்ந்து அழுதார். மைத்துனர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அழுகை ஓய்ந்ததும் துப்பறிவாளரின் கட்டுப்போட்ட விரல் டீச்சர் கண்ணில் பட்டது.

"கையில என்ன?"

"உங்கண்ணன் புல்லு." துப்பறிவாளர் காகிதக் குழலைக் கொடுத்தார். டீச்சர் தண்டை வெளியே எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டினார். உருண்டது. கணு வந்த இடத்தில் விரல் நின்றது.

"மன்னிச்சுட்டேன்னு மட்டும் அந்த ஆளுக்குச் சொல்லிடாதீங்க" என்றார்.

"சொல்ல மாட்டேன்."

"இனிமே எழுதினா தன் பேரைப் போட்டு எழுதணும். கோரையைப் புல்லுன்னு எழுதினா கிழிச்சுப் போடுவேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

டீச்சர் பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து மடியில் விரித்தார். பின்னி முடித்த கையை அளந்து பார்ப்பதுபோலத் தடவினார். அண்ணன் குள்ளம், கையும் குட்டைதான்.

"அந்த ஆள் கை எவ்வளவு நீளம் இருக்கும்?" என்று கேட்டார்.

துப்பறிவாளர் தன் கையை நீட்டிக் காட்டினார். "இதுக்கு மேல நாலு விரல்."

டீச்சர் முடித்து வைத்திருந்த கையின் ஓரத்தைப் பிரித்து, ஊசியில் பின்னல் கண்ணிகளை ஏற்றத் தொடங்கினார்.