முப்பத்தாறு புள்ளி எட்டு

அறுபத்தேழு டிகிரி.

நாச்சிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணையே பார்த்தார். முளைகட்டி, காயவைத்து, உடைத்த பார்லி மின்பானைக்குள் வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தது. சின்ன மோட்டார் ஒன்று அடிநீரை உறிஞ்சி, மேலே ஊற்றிக்கொண்டே இருந்தது. எழுபத்தைந்தைத் தாண்டினால் மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் செத்துப்போகும். அறுபதுக்குக் கீழே இறங்கினால் மாவு மாவாகவே கிடக்கும். ஒரு மணி நேரம் எண் அசையக்கூடாது.

அசையவில்லை. அவரே செய்த சூடாளிப் பெட்டி அது. அறுபத்தாறிலேயே மின்சாரத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்துவிடும். முதல் வருடம் அந்த வித்தை தெரியாமல் எழுபத்திரண்டு வரை போய், பீர் பாயசமாக இனித்தது. “இத டம்ளர்ல குடிக்கறதா, கரண்டில திங்கறதா?” என்று மனைவி துளசிமணி கேட்டது ஞாபகம் வந்தது.

அழைப்பு மணி அடித்தது.

கோவையின் அந்த நாற்பது மாடிக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை.

“யாருங்க?”

“ஆள்கணிப்பு அலுவலகமுங்க. பிரவீணா.”

நாச்சிமுத்து கதவைத் திறந்தார். அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு தொடுதிரைப் பலகை. நேராக விட்டத்தைப் பார்த்தாள். எல்லா வீட்டு விட்டத்திலும் இருப்பதைப் போல, அங்கேயும் உடற்சூட்டுமானி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மின்சாரம் பஞ்சமாகிப் போன பிறகு வந்த சட்டம் அது. கேமரா கூடாது, அந்தரங்கம் போய்விடும். சூட்டை மட்டும் எண்ணலாம். இரண்டு உடம்பின் சூடு இருந்தால் வீடு, இரண்டு கிலோவாட். ஒன்றுதான் என்றால் ஒரே வாரத்தில் ஒற்றையர் விடுதி. ஆறுக்கு எட்டு அடி அறை.

“வீட்டம்மா எங்கீங்க?”

“உடம்பு சரியில்லீங்க. படுத்திருக்கறா.”

“எட்டு மாசமாவுங்களா?”

அவள் பலகையைத் திருப்பிக் காட்டினாள். நேர்கோடு ஒன்று, அளவுகோல் வைத்து இழுத்ததைப் போல.

“நோவுன்னா சூடு ஏறி இறங்கோணும். நல்லா இருக்கறவங்களுக்கே ஏறி இறங்குமுங்க. உங்க வீட்டம்மாவுக்கு மட்டும் எட்டு மாசமா முப்பத்தாறு புள்ளி எட்டு. ஒரு புள்ளி அசையல.”

சமையலறையிலிருந்து பார்லியின் இனிப்பு மணம் வந்தது. பிரவீணா உள்ளே போய்ப் பானையின் முன் நின்றாள். 67.0. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். 67.0.

“பெட்டி நீங்க பண்ணுனதுங்களா?”

“ஆமாங்க.”

“இன்னொண்ணும் பண்ணீருக்கறீங்க.”

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே போர்வைக்கு அடியில், துளசிமணியின் புடவை சுற்றிய இரண்டாவது மின்பானை வெதுவெதுப்பான நீருடன் கிடந்தது.

“போயிட்டா” என்றார் நாச்சிமுத்து. “கணக்கெடுப்பு இல்லாத மலைக்கு. கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்னு சொன்னா. வந்தா வீடு இருக்கோணுமில்லீங்களா?”

பிரவீணா கதவைத் திறக்கவில்லை. பலகையில் எதையோ தட்டினாள். ‘மானிப் பழுது. சரிசெய்யப்பட்டது.’

“இத்தன கச்சிதம் ஆவாதுங்க” என்றாள் மெதுவாக. “பார்லிக்குச் சரி, மனுசருக்கு ஆவாது. வெடியால கொறையோணும், சாயங்காலம் ஏறோணும். அவங்க தூங்கி எந்திரிச்சா சில்லுன்னு இருப்பாங்களா, கதகதன்னு இருப்பாங்களா? அத வெச்சுப் போடுங்க.”

நாச்சிமுத்து படுக்கையறைக் கதவைப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் ஒரே கட்டில். பார்லியின் சூடு தசமம் பிசகாமல் தெரியும். துளசிமணியின் கை விடியற்காலையில் எப்படி இருக்கும்?

தெரியவில்லை.

பிரவீணா வாசலைத் தாண்டி லிஃப்ட்டில் ஏறிவிட்டாள்.

“அம்மிணி!” அவர் ஓடினார். “எவ்வளவுன்னு போடட்டுமுங்க?”

மூடவிருந்த கதவை அவள் கையால் தடுத்தாள். அவரைப் பார்க்காமல், மனப்பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

“வெடியால முப்பத்தாறு புள்ளி மூணு. மத்தியானம் தூங்குனா ரெண்டு புள்ளி கொறையும். சாயங்காலம் முப்பத்தேழு. எங்க வீட்டுக்காரருக்கு அப்படித்தானுங்க. அவரு போயி நாலு வருசமாச்சு.”

லிஃப்ட் மூடிக்கொண்டது.

சமையலறையில் ஒரு மணி நேரம் முடிந்து பெட்டி கத்தியது. அவர் அதை அணைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போய், எண்களை ஒவ்வொன்றாக ஏற்றினார்.

சாயங்காலம் போர்வைக்குள் கைவிட்டுப் பார்த்தார். முப்பத்தேழு. துளசிமணியின் புடவைக்குள்ளிருந்து, முகம் தெரியாத ஒரு மனிதரின் சூடு உள்ளங்கையில் ஏறியது.

அவர் கையை எடுக்கவில்லை.