திங்கள்கிழமை எடை

எடைமேடையின் சிவப்பு எண்கள் 1575 என்று நின்றன. எடைக்காரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். 1575தான். அவனுடைய காரின் எடை 1540. தன் வயதைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துச் சொல்வான். காரின் எடையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

கல்குவாரி வாசலில் லாரிகளுக்கு எடைபோடுவது அவன் வேலை. திங்கள்கிழமை தோறும் காலை ஏழு மணிக்கு, முதல் லாரி வருவதற்கு முன்னால், பக்கத்து பங்க்கில் டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு தன் காரை மேடையில் ஏற்றுவான். மகளை இறக்கிவிட்டுத் தானும் இறங்கி, கேபினுக்குள் போய் எண்ணைப் பார்ப்பான். 1540 வந்தால் மேடை சரியாக இருக்கிறது, வாரத்தைத் தொடங்கலாம். ஐந்து வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. அந்த மேடை ஐந்தைந்து கிலோவாகத்தான் எண்ணும், அதற்குக் குறைவானது அதன் கண்ணில் படாது. ஆனால் முப்பத்தைந்து கிலோ கண்ணில் படாமல் போகிற எடையா?

டிக்கியைத் திறந்து பார்த்தான். ரப்பர் விரிப்பைத் தவிர ஒன்றுமில்லை. சக்கரங்களில் சேறு இல்லை. மேடைக்கு அடியில் குனிந்து, இடுக்கில் சிக்கியிருந்த ஜல்லியைக் கம்பியால் நோண்டி எடுத்தான். காரை இறக்கிவிட்டுத் தான் மட்டும் ஏறி நின்று, லாரிக்காரர்களுக்காக வெளியே மாட்டியிருந்த பெரிய பலகையைப் பார்த்தான். 70. சரி. மறுபடி காரை ஏற்றினான். 1575.

அந்த முப்பத்தைந்தை எங்கே பார்த்தோம் என்று அப்போதுதான் நினைவு வந்தது. ஆஸ்பத்திரியில் அவன் மனைவியைக் கடைசியாக எடை பார்த்த நர்ஸ் அட்டையில் எழுதிய எண் அது. கேபின் நாற்காலியில் உட்கார்ந்தான். பயம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

கார் அவள் தேர்ந்தெடுத்தது. அவள் செடி வளர்த்து விற்றவள். தொட்டிகளை அடுக்க நீளமான டிக்கி வேண்டும், பிள்ளைக்குக் கால் நீட்ட இடம் வேண்டும், மேட்டில் திணறக் கூடாது என்று மூன்று மாதம் கடை கடையாக அலைந்து இந்த டர்போ பெட்ரோல் ஸ்டேஷன் வேகனைப் பிடித்தாள். "லாரிக்கும் காருக்கும் பொறந்த பிள்ளை மாதிரி இருக்கே" என்று அவன் கிண்டலடித்தான். மேட்டில் மிதித்தால் அது ஒரு கணம் தயங்கி, மூச்சை இழுத்து, மெல்லிய விசிலோடு பாயும். அவளும் கூடவே விசிலடிப்பாள். வியாதி வந்த பிறகு அவளால் உட்கார முடியவில்லை. பின் சீட்டை மடித்து, டிக்கிவரை மெத்தை விரித்து, படுக்கவைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவான். ஆறு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா தலையை மடியில் வைத்துக்கொள்வாள். கடைசி நாளும் அப்படித்தான். ஆஸ்பத்திரி வாசலில் அவன் கதவைத் திறந்தபோது உடம்பு ஆறிப்போயிருந்தது. "அம்மா மேடு ஏறும்போதே தூங்கிட்டா" என்றாள் மகள். "சொல்ல வேணாம்னா. நீ அழுவியாம்."

அது நடந்து இரண்டு மாதம்.

அடுத்த திங்கள் 1580. டிக்கியில் ஈர மண் வாசனை அடித்தது, தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியதும் கிளம்புமே, அந்த வாசனை. மேட்டில் மிதித்தால் டர்போ முன்னைவிட நேரம் எடுத்துத் தயங்கியது, ஆள் ஏறின வண்டி தயங்குகிற மாதிரி. அவன் இரண்டு மாதத் தாடியை மழித்தான். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் குவாரிக்கு வந்து, அவன் வேலை முடியும்வரை திறந்த டிக்கியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் எல்லோருக்கும் அவள் குண்டம்மா. பாதி எழுதியதும் நோட்டை ஒதுக்கிவிட்டுச் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். "இங்க அம்மா மடி மாதிரி இருக்குப்பா" என்பாள். பாவம், இருக்கட்டும் என்று விட்டான்.

அந்த வாரம் வயதான லாரிக்காரர் ஒருவர் காரைச் சுற்றி வந்து பார்த்தார். எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்னப்பா, பின்பக்கம் இப்படி உக்காந்துபோச்சு? குவாரிக் கல்லை வீட்டுக்குக் கடத்துறியா?"

"ஸ்பிரிங் பழசுண்ணே."

"குண்டம்மா, இங்க வா" என்று, வழக்கம்போல மூச்சைப் பிடித்து, தூக்கவே முடியாதவர் மாதிரி நடித்துக்கொண்டு அவளைத் தூக்கினார். கை விருட்டென்று மேலே போய்விட்டது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு நின்றது. மெல்ல இறக்கிவிட்டார்.

"பிள்ளை சாப்பிடுதா?"

"நல்லாத்தான் சாப்பிடுறா."

"கன்னமெல்லாம் அப்படியேதான் இருக்கு. ஆனா கையில ஒண்ணுமே தெரியலையேப்பா. டாக்டர்கிட்ட காட்டு."

காட்டினான். டாக்டர் தன் எடை மெஷினை இரண்டு தட்டு தட்டி, இதை ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும் என்றார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது திங்கள் 1585. காரை இறக்கிவிட்டு, விளையாட்டுபோல மகளை மேடையில் நிற்கச் சொன்னான். பலகையில் 10. பிறந்தநாளன்று இதே மேடையில் அவள் இருபது கிலோ இருந்தாள். முப்பத்தைந்தும் இருபதும் ஐம்பத்தைந்து. நாற்பத்தைந்தும் பத்தும் ஐம்பத்தைந்து. எடைக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவன் காதில் கேபின் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. ஐம்பத்தைந்து என்பது அவன் மனைவி நோய் வருமுன் இருந்த எடை.

அன்றைக்கே காரை யார் தலையிலாவது கட்டியிருக்கலாம். பள்ளத்தில் உருட்டியிருக்கலாம். செய்யவில்லை. அன்று மாலை வீடு திரும்பும்போது, டர்போ மூச்சை இழுத்து விசிலடித்தபோது, பின்னால் இன்னொரு விசில் கேட்டது. சுருதி கொஞ்சம் பிசகி. அவளுக்கு எப்போதும் பிசகும். கண்ணாடியில் பார்த்தான். மகள் மட்டும் படுத்திருந்தாள், ஏதோ ஒன்றின் மேல் தலையை உயர்த்தி வைத்தபடி, கீழே எதுவும் இல்லாமல். இன்னும் ஒரு வாரம் என்று நினைத்துக்கொண்டான். ஒரே ஒரு வாரம். பெற்ற மகளுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்தே நினைத்தான். அந்த அளவுக்கு அவன் மனைவிக்காக ஏங்கியிருந்தான்.

நான்காவது திங்கள் 1590. மகள் ஐந்து கிலோ. சரளையில் அவள் ஓடினால் சத்தம் வரவில்லை. காற்றடித்தால் தூணைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவளுடைய பள்ளிப் பையில் இரண்டு கருங்கல் துண்டுகளைப் போட்டு, "இறக்கிவைக்கக் கூடாது, சரியா?" என்று வாரை இறுக்கினான். அப்போதும் காரை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டிக்கியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படுத்தான். விடிந்து பார்த்தால் மகள் கட்டிலில் இல்லை. பையும் கற்களும் கட்டிலடியில் கிடந்தன. அவள் பூட்டிய டிக்கிக்குள் இருந்தாள். சுருண்டு, சிரித்த முகத்தோடு, தூங்கிக்கொண்டு.

அவளை எழுப்பி, பையை மாட்டிவிட்டு, முன் சீட்டில் வைத்து பெல்ட்டை இறுக்கினான். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. பங்க்குக்குப் போய் டாங்க்கை நிரப்பினான், மேடைக்கு வந்தான். அதுதான் அவனுக்குத் தெரிந்த வழி. மகளைக் கேபினில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினான். பலகையைப் பார்த்தான். 1595.

டிக்கியைத் திறந்து உள்ளே ஏறிப் படுத்தான். ஈர மண் வாசனை மூக்கை அடைத்தது. குளிர்ச்சி. பக்கத்தில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிற மாதிரி ஒரு நெருக்கம்.

"ஒரு தொட்டியில ரெண்டு செடி வைக்காதே, ஒண்ணு இன்னொண்ணைத் தின்னுடும்னு நீதானே சொல்லுவே" என்றான். "அவ சின்னச் செடிம்மா. அவளை விட்டுடு. என்னை எடுத்துக்கோ. எழுபது கிலோ இருக்கேன், எல்லாத்தையும் எடுத்துக்கோ."

காத்திருந்தான். ரப்பர் விரிப்பு அவன் முதுகுக்கு அருகே மெல்ல உயர்ந்தது. பக்கத்தில் படுத்திருந்தவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டதுபோல.

இறங்கினான். காரைக் கொஞ்சம் முன்னால் ஓட்டி, மேடைக்கு அப்பால் நிறுத்தினான். தான் மட்டும் மேடையில் ஏறினான். 70. ஒரு துளி குறையவில்லை. அவள் வந்தது அவனுக்காக இல்லை. நான்கு வாரமாகத் தனக்காகத்தான் என்று நம்பியிருந்தான், மழித்த முகத்தோடு, வெட்கமில்லாமல்.

கேபின் கதவு திறந்தது.

"அப்பா, பை வலிக்குது. கழட்டிட்டேன்."

ஓடினான். வாசற்படியில் நின்றவளின் இரண்டு கைகளையும் பிடித்தான். அவள் பாதங்கள் படியில் இல்லை. இழுத்துக்கொண்டு மேடைக்கு வந்தான். பலகை. 70.

காரின் டிக்கி தானாகத் திறந்தது. சத்தமில்லை.

65.

அவன் தோள் இழுபட்டது. அவள் கால்கள் பக்கவாட்டில் எழுந்தன.

"விடுப்பா. அம்மா கூப்பிடறா."

"அப்பாகிட்ட இரு கண்ணு."

"அம்மா தனியா இருக்காப்பா."

60.

காரின் பின்பக்கம் இன்னும் தாழ்ந்தது. ரப்பர் விரிப்பில் இரண்டு குழிகள், மண்டியிட்ட முழங்கால் அளவில். ஒரு ஷூ கழன்றது. அது கீழே விழவில்லை. மெல்ல, நேராக, டிக்கிக்குள் போனது.

காலை வெயில் மேடை முழுக்க விழுந்திருந்தது. எடைக்காரன் மகளின் மணிக்கட்டுகளைப் பிடித்தபடி நின்றான். அவள் அவன் தோளுக்கு மேலே, தரைக்குப் படுக்கையாக, கால்களை அந்த இருட்டை நோக்கி நீட்டிக்கொண்டு, அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.