மூணாந்தரம்

பேட்டரியைக் கழற்றிவிட்ட வேனில் ஹாரன் அடித்தது.

இரண்டு சின்னச் சத்தம். வீட்டு முக்குத் திரும்பும்போது சென்னிமலை அடிப்பாரே, அதே மாதிரி. ஏலத்துக்கு வந்திருந்த ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மருதம்மாள் மட்டும் சட்டென்று திரும்பினாள்.

வேலம்பாளையத்தில் அவள் வீட்டுக்காரர் சென்னிமலையின் யார்டு அது. எத்தனையோ பனியன் கம்பெனிக்கு ஷெட் போட்டுக் கொடுத்த காண்ட்ராக்டர். தொழில் முறிந்த அன்று இதே வேனின் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடியே உயிரை விட்டார். இன்னும் வருசம் திரும்பவில்லை, அதற்குள் கடனுக்கு ஏலம். "போக வேண்டாங்க அக்கா" என்று தம்பி அய்யாசாமி தலைபாடாய் அடித்துக்கொண்டான். கேட்டால்தானே! அவர் உட்கார்ந்த சீட்டை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். "அஞ்சு மணிக்குள்ள வந்துருவேன் கண்ணு" என்று மகள் வர்ஷினியிடம் சொல்லிவிட்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

வெயிலில் வெந்த சிமெண்ட் வாசமும் டீசல் வாடையும் பக்கத்துச் சாயப்பட்டறையின் புளித்த நெடியும் ஒன்றாய்த் தொண்டையில் நிற்க, கலவை மெஷின் போனது, சாரக் குழாய்கள் போயின, டிப்பர் போனது. ஒவ்வொன்றுக்கும் அவள் வாய்விட்டு அழுதாள். கடைசியில் வேன்.

"ஒரு தரம்!" என்றார் ஏலம் விடுகிறவர்.

"மருதா."

வேனுக்குள்ளிருந்து. அவர் குரலேதான். பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்படிக் கூப்பிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது. மனுசர்தான் மூணு தரம் கூப்பிடுவார்கள். பேய் மூணாந்தரம் கூப்பிடாது. சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

"ரெண்டு தரம்!"

"மருதா..."

அழுகிற குரல். அவர் அழுது அவள் கேட்டதே இல்லை. அட சாமி, இத்தனை நாளும் இந்த வெயிலில் தனியாகவா உட்கார்ந்திருந்தீங்க?

பொறுக்க முடியவில்லை.

"ஏனுங்க!" என்றாள்.

"அம்மிணி கேட்டுட்டாங்க! மேல யாருங்க?" ஏலக்காரர் சுற்றிலும் பார்த்தார். "மூணு தரம்!"

வேனின் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே இருந்தாள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில். அவள் கைப்பை வெளியே மண்ணில் கிடந்தது.

"அக்கா?" அய்யாசாமி கண்ணாடி வழியே அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். "இங்கதான நின்னாங்க" என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடித்தாள். கத்தினாள். கண்ணாடி அதிரவில்லை.

கைப்பைக்குள் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நின்றது.

மூணாந்தரமும் அடித்தது.

தம்பி எடுத்தான். "அம்மா இங்க இல்லியே கண்ணு."

மருதம்மாள் வலப்பக்கம் திரும்பவில்லை. கியர் மேல் இருந்த கை, சிமெண்ட் தின்று வெடித்த கை, மெல்ல அவள் மடிக்கு வந்தது.