வலப்பக்கம் மேலே

தன் கணவனைக் காப்பாற்றும்படி கினுயோ கேட்கவே இல்லை. வக்கீல் குசுமியின் அறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அதனால் உதவியாளன் ஹட்டா பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தான். அவளோ கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்தபடி வேறொன்றைக் கேட்டாள்.

"அவர் செஞ்சாரா இல்லையான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, வக்கீல் ஐயா. செய்யலைன்னு அவர் ஒரு வார்த்தை சொன்னா நான் நம்பிடுவேன். ஆனா நான்தான் செஞ்சேன்னு எங்கிட்டயும் சொல்றாரே."

ஊர் முழுக்கத் தெரிந்த வழக்குதான். மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் பொதுக் குளியல்கூடம் நடத்திவந்தாள் விதவை ஷிகே. அங்கே கினுயோவின் கணவன் தொகுஜி அடுப்பெரிப்பவன். கினுயோ வாசலில் காசு வாங்கிப் போடுபவள். ஒருநாள் காலை தொகுஜி பக்கத்தில் நிற்கும்போதே அடுப்பு மூடியில் ஷிகே கையைச் சுட்டுக்கொண்டாள். மூடியைச் சரியாகப் போடாதது தொகுஜிதான் என்று ஊரே கேட்கும்படி ஏசினாள். அவன் போய் மூக்குமுட்டக் குடித்தான். மறுநாள் அவன் விறகுக் கொட்டகையில் கண்விழித்தபோது ஷிகே தன் அறையில் கழுத்து நெரிபட்டுக் கிடந்தாள். நடுவில் நடந்தது எதுவும் அவன் நினைவில் இல்லை.

"சுட்ட கைக்கு நான்தான் மருந்து வச்சுக் கட்டினேன்," என்றாள் கினுயோ. "இனி ரெண்டு குச்சியைப் பிடிச்சுச் சோறு திங்க முடியுமாடி, கைக்குழந்தை மாதிரி இடது கையிலயா திங்கறதுன்னு அப்பவும் இவரைத்தான் திட்டினாங்க. பாவம், நல்ல மனுஷிதான். வாய்தான் கொஞ்சம் நீளம்."

கீழ்க்கோர்ட் தொகுஜிக்குத் தூக்கு விதித்திருந்தது. மேல்முறையீடு அடுத்த மாதம்.

ஹட்டா சுறுசுறுப்பானவன். தேநீர் ஆறுவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவான். பிடித்தது தப்பு என்று தெரிய மறுநாளாகும். அன்று மாலை தொகுஜியின் ஒப்புதல் வாக்குமூலத்தை எடுத்துப் படித்தான். "கட்டுப் போட்ட இடது கையால் என் முகத்தைப் பிறாண்டினாள். கழுத்தை நெரித்தேன். பிறகு மனம் கேட்கவில்லை. பிணத்துக்கு உடுத்துவதுபோல அவளுடைய கிமோனோவின் வலப்பக்கத்தை மேலே போட்டுக் கட்டினேன்."

முன்னால் ஒரு பக்கத்தின்மேல் மறுபக்கத்தை மடித்துக் கட்டும் அந்த அங்கியை உயிரோடிருப்பவர்கள் இடப்பக்கம் மேலே வரும்படிதான் உடுத்துவார்கள். கைதவறிக்கூட யாரும் மாற்றிக் கட்டமாட்டார்கள்; அது பாடையில் போகிறவர்களுக்கு உரியது. காவல்துறைப் புகைப்படத்தில் ஷிகேயின் கிமோனோவில் வலப்பக்கம்தான் மேலே இருந்தது. அந்தப் படம் பத்திரிகையில் வரவில்லை. கொன்றவனைத் தவிர வேறு யாருக்கு இது தெரியும் என்று கேட்டுத்தான் நீதிபதிகள் தூக்கு விதித்தார்கள்.

"இதுக்கு மேல என்ன வேணும் ஐயா?" என்றான் ஹட்டா. குசுமி புகைப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறையில் தொகுஜியைப் பார்த்ததும் குழப்பம் இன்னும் கூடியது. கம்பிவலைக்கு அப்பால் வந்து உட்கார்ந்தவன் பஞ்சு வைத்த கிமோனோ அணிந்திருந்தான். அதில் வலப்பக்கம் மேலே இருந்தது.

"தூக்குல தொங்கப்போறவன்தானே ஐயா, இப்பவே பழகிக்கிறேன்." சிரிக்க முயன்று தோற்றான். "முதல்ல எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. அவங்க வாரக்கணக்கா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நல்லா யோசின்னாங்க. யோசிச்சேன். இப்ப கண்ணை மூடினா அந்தத் துணியை மடிச்சது இந்தக் கைக்கே தெரியுது."

திரும்பும் வழியில் ஹட்டா வாக்குமூலத்தை மறுபடியும் எடுத்துப் படித்தான். இவன் கொலைகாரன் என்று காலையில் சத்தியம் செய்திருப்பான். இப்போது அந்த முகத்தைப் பார்த்தபின் அப்படியும் சொல்ல வரவில்லை, இப்படியும் சொல்ல வரவில்லை. தலைக்குள் சேறு கலங்கியதுபோல இருந்தது.

இரண்டொரு நாளில் குசுமி எல்லோரையும் குளியல்கூடத்துக்கு வரவழைத்தார். கொலை நடந்ததிலிருந்து பூட்டியே கிடந்த ஷிகேயின் அறையைத் திறந்தார்கள். வாக்குமூலம் வாங்கிய அதிகாரி இசாவா தலைநகரிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார். படம் எடுத்த உள்ளூர் புகைப்படக்காரர் நிஷினா மூலப் படச்சுருளை உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கினுயோ வாசலிலேயே நின்றாள்.

"நீங்க பிணத்தை நேர்ல பார்த்தீங்களா?" என்று இசாவாவிடம் கேட்டார் குசுமி.

"நான் வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்க. டாக்டர் துணியையும் அவிழ்த்துட்டார். படத்தை வச்சுத்தான் விசாரிச்சேன்."

"உள்ளூர் போலீஸ்காரர்?"

"முகத்தைப் பார்த்ததும் போர்வையைப் போட்டு மூடிட்டாராம். துணியை எங்கே கவனிச்சார்?"

குசுமி புகைப்படத்தை ஹட்டாவிடம் நீட்டினார். "படம் எடுத்தவர் நின்ன இந்த வாசல்லயே நில்லு. படத்துல மரத்தூண் எந்தப் பக்கம்?"

"வலது பக்கம் ஐயா." ஹட்டா நிமிர்ந்து அறையைப் பார்த்தான். தூண் இடதுபுறம் இருந்தது. மறுபடியும் படத்தைப் பார்த்தான், மறுபடியும் அறையைப் பார்த்தான். தூணை யாராவது பெயர்த்து நட்டிருப்பார்களோ என்றுகூட ஒரு கணம் நினைத்தான்.

நிஷினா படச்சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மருந்து பூசிய பக்கத்தைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. அவசரத்தில் சுருளைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்து அச்சிட்டிருக்கிறார்; படத்தில் இடமும் வலமும் மாறிவிட்டன. படத்தில் எழுத்துள்ள பொருள் ஒன்றுகூட இல்லாததால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. சரியான பக்கத்தில் பார்த்தால் ஷிகேயின் கிமோனோவில் இடப்பக்கமே மேலே இருந்தது. வழக்கம்போல அவளே உடுத்திக்கொண்டதுதான். அதை யாரும் தொடவில்லை.

"முதல்ல எனக்கு உறுத்தினது துணி இல்லை, கை," என்றார் குசுமி. "கினுயோ, எந்தக் கையில கட்டுப் போட்டே?"

"வலது கையில."

"அதான் குச்சியைப் பிடிக்க முடியாம இடது கையில திங்கணுமேன்னு அந்தம்மா புலம்பினாங்க. சுட்டுக்கிட்டப்ப தொகுஜி பக்கத்துலயேதான் நின்னான். எந்தக் கைன்னு அவனுக்கு நல்லாவே தெரியும். ஆனா வாக்குமூலத்துல இடது கை, படத்துலயும் இடது கை. நடந்ததைச் சொல்றவன் அறையில இருந்ததைச் சொல்லுவான். இவன் படத்துல இருந்ததைச் சொல்லியிருக்கான். அந்தப் படத்தைப் பார்த்தது நீங்க, இசாவா."

"நான் பொய் எழுதலை," என்றார் இசாவா. "அவன்தான் சொன்னான்."

"அவன்தான் சொன்னான். துணி எப்படி இருந்ததுன்னு கேட்டதும் முதல் தடவையே வலப்பக்கம் மேலேன்னு சொன்னானா?"

இசாவா தூணைப் பார்த்தபடி சொன்னார். "எப்பவும்போல இருந்திருக்கும்னுதான் முதல்ல சொன்னான். நல்லா யோசின்னு சொன்னேன்."

அதையே மேல்முறையீட்டிலும் சொல்ல அவர் சம்மதித்தார். கசப்பு மருந்து விழுங்குகிறவர்போல முகத்தை வைத்துக்கொண்டுதான் சம்மதித்தார், ஆனாலும் சம்மதித்தார். கொலை செய்தது யார் என்ற கேள்வி மட்டும் அந்த அறையிலேயே பதிலில்லாமல் நின்றது.

மறுநாள் குசுமி கினுயோவையும் சிறைக்கு அழைத்துப்போய், தொகுஜியிடம் எல்லாவற்றையும் நிதானமாக எடுத்துச் சொன்னார். தொகுஜி மகிழவில்லை. மிரண்டுபோனான்.

"ஆனா எனக்கு ஞாபகம் இருக்கே ஐயா. இந்தக் கை..."

"நடக்காத ஒண்ணு உன் கைக்கு எப்படித் தெரியும்?"

அவன் தன் கைகளை அடுத்தவன் கைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். "அப்ப நான் அன்னிக்கு ராத்திரி என்னதான் செஞ்சேன், கினுயோ?"

கினுயோவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "என்ன செஞ்சீங்க? குடிச்சிட்டு விறகு மேல விழுந்து தூங்கினீங்க. வேற என்ன தெரியும் உங்களுக்கு?" கண்ணைத் துடைத்துக்கொண்டு வலைக்கு அருகே குனிந்தாள். "முதல்ல துணியை ஒழுங்காக் கட்டுங்க. இடது பக்கத்தை மேல போடுங்க."

தொகுஜி தயங்கித் தயங்கி எழுந்தான். இடுப்புக்கயிற்றை அவிழ்த்தான். வலப்பக்கத்தை உள்ளே தள்ளி, இடப்பக்கத்தை அதன்மேல் கொண்டுவந்து, மனைவி சரியென்று தலையாட்டும்வரை பிடித்துக்கொண்டு நின்றான்.