நுணாக்குறிச்சி உப்பு

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஏற்றத்தில் தமிழ்நாட்டின் எட்டுக் கோடித் தலைகளுக்குள் மூன்று விஷயங்கள் இறங்கியிருந்தன. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். மிளகாய் நம்மூர்ச் செடியல்ல, கப்பலேறி வந்தது. தீக்குச்சிக்கு முன்பே லைட்டர் வந்துவிட்டது.

யாரும் படிக்கவில்லை, கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் அரிசி அளவில் பதித்திருக்கும் நினைவுமணி தூக்கத்திலேயே ஏற்றிவிடும். எழுந்து பல் தேய்க்கும்போது, பிறந்ததிலிருந்தே தெரிந்தது போல இருக்கும். டீக்கடையில் பந்தயம் கட்டுவது ஒழிந்து வெகுநாளாயிற்று. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த பிறகு யாரோடு கட்டுவது?

இந்தத் துணுக்குகளை எழுதுகிறவர்களில் ஒருத்தி உமையாள். துணுக்காளர்களுக்கு மட்டும் ஏற்றத்திலிருந்து விலக்கு உண்டு. எழுதுகிறவர் தலையிலும் மற்றவர்கள் எழுதியதே ஏறிவிட்டால் சரிபார்க்க ஆள் வேண்டாமா?

அன்று அவளைப் பார்க்க வந்தவர் சங்கிலிமுத்து, நுணாக்குறிச்சியில் கடலை மிட்டாய் போடுகிறவர். வரவேற்பறைப் பெண் ஊர்ப்பெயரைக் கேட்டதும் அவருக்காக எடுத்த தண்ணீர் டம்ளரைத் திரும்ப வைத்துவிட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து உமையாள் அதைப் பார்த்தாள்.

காரணம் அவள்தான். போன வருஷம் போட்டி நிறுவனம் இவர்களுடைய துணுக்குகளைத் திருடிக்கொண்டிருந்தது. “நடுவுல ஒரு பொய்யை வை. அவனும் அதையே போட்டான்னா மாட்டிக்குவான்” என்றார் முதலாளி ஜெபராஜ். பொறித்துணுக்கு என்பார்கள், தொழிலில் பழைய வழக்கம். எங்கும் எழுதி வைப்பதில்லை, வைத்தால் அதையும் திருடுவார்களே! உமையாள் யோசித்தாள். மேசைமேல் தின்று முடித்த கடலை மிட்டாய் உறை கிடந்தது. அதில் பொடி எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. ஊரா கம்பெனியா என்று பார்க்கக்கூட அவளுக்குப் பொறுமையில்லை.

‘ஒரு மூட்டை உப்புக்காகக் கோட்டைக் கதவைப் பகைவருக்குத் திறந்துவிட்ட ஊர் எது? நுணாக்குறிச்சி.’

திருடன் மாட்டினான், மன்னிப்புக் கேட்டான், அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். துணுக்கைத் திரும்ப எடுப்பது அவள் வேலை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். எந்த அடுத்த வாரமும் வரவில்லை.

“எங்க ஊரு துணுக்கு விஷயமா வந்தேம்மா” என்றார் சங்கிலிமுத்து.

“எடுக்கணுமா அண்ணே?”

“ஐயையோ, எடுக்கச் சொல்ல எங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கு? பாட்டன் பூட்டன் செஞ்ச பாவம். ஒரே ஒரு வரி சேத்தாப் போதும். அந்த ஊர்க்காரங்க இன்னைக்கும் அதுக்காக வருத்தப்படுறாங்கன்னு.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மகளுக்கு நிச்சயம் முடிஞ்சு பத்திரிகையும் அடிச்சாச்சு. துரோகம் பண்ணுன ஊர்ல பொண்ணு எடுக்க மாட்டோம்னுட்டாங்க. புள்ள ரூமை விட்டு வெளிய வரமாட்டேங்குது. அந்த ஒரு வரி வந்தா அவங்க மனசு எளகும்மா.”

உமையாளுக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

“அண்ணே, அது பொய். நான் எழுதினது. கோட்டையும் இல்ல, உப்பும் இல்ல. உங்க மிட்டாய் பேப்பரைப் பாத்துத்தான் பேரை எடுத்தேன்.”

சங்கிலிமுத்து அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “எங்களுக்காகப் பொய் சொல்றீங்க. நல்ல மனசும்மா. ஆனா எங்க ஐயா சாகும்போதுகூட அந்த உப்பைச் சொல்லித்தான் அழுதாரு.”

“அவர் எப்ப இறந்தார்?”

“அது ஆச்சு, பத்து வருஷம்.”

துணுக்கு பிறந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. உள்ளே இறங்கிய பொய், தனக்கு ஒரு தகப்பனையும் சாவுப்படுக்கையையும் உண்டாக்கிக்கொண்டுவிட்டது.

அந்த ஒரு வரியை எழுத அவளுக்குக் கை வரவில்லை. எழுதினால் ஒரு கல்யாணம் நடக்கும், ஊர் என்றைக்கும் துரோகி ஊராகவே நிற்கும். “பொய்யையே எடுத்துடுறேன் அண்ணே, ரெண்டு நாள் பொறுங்க” என்று அனுப்பிவிட்டு ஜெபராஜிடம் ஓடினாள்.

“நுணாக்குறிச்சி பொய்யா? என்னம்மா உளர்றே?” என்றார் அவர்.

“நீங்கதானே சார் வைக்கச் சொன்னீங்க!”

“பொறித்துணுக்கு வைக்கச் சொன்னேன். இதையா வச்சே? இது ஊருக்கே தெரிஞ்ச விஷயமாச்சே.” வெள்ளிக்கிழமைதோறும் அவர் தலையிலும் ஏற்றம் நடக்கிறது. முதலாளிக்கு விலக்கு கிடையாது.

கடைசியில் மெய்காண் கருவியிடம் போனாள். எது உண்மை என்று தீர்ப்பது அதுதான். பெரும்பாலான தலைகள் எதை ஒப்புக்கொள்கின்றனவோ அது உண்மை, மாறுபடும் தலை பழுது. எந்தத் தலையிலும் இல்லாத புது விஷயத்துக்கு மட்டும் சான்று கேட்கும். அவள் திருத்தம் கேட்டதும் திரையில் பதில் வந்தது: ‘ஆதரவு: ஒரு தலை. மறுப்பு: எட்டுக் கோடி. உமையாள் அவர்களின் விலக்கு ரத்தாகிறது. வரும் வெள்ளிக்கிழமை அவருக்குத் திருத்தம் செய்யப்படும்.’

அவள் கெஞ்சினாள். கருவிக்குக் கெஞ்சல் புரியாது. வியாழக்கிழமை இரவெல்லாம் தூங்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தாள், விடியும் நேரத்தில் கண் அசந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை எழுந்து பல் தேய்த்தபோது உமையாளுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. ஒரு மூட்டை உப்பு, திறந்த கதவு, நுணாக்குறிச்சி. இது தெரியாமல் போன வாரம் என்னவெல்லாமோ பேசினோமே என்று சிரிப்புக்கூட வந்தது.

ஆனால் நெஞ்சு கனத்தது. ஏற்றம் அறிவை மட்டுமே மாற்றும், மனசைத் தொடாது. அதைத்தான் விளம்பரத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அலுவலகத்தில் யாரோ தின்று போட்ட மிட்டாய் உறையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏதோ பெரிய தப்பு செய்தாயிற்று, ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தாயிற்று என்று மனசு அரித்தது. என்ன செய்தோம்? எவ்வளவு தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை.

மத்தியானம் பதில் தானாக வந்தது. உமையாள் சங்கிலிமுத்துவைப் போனில் கூப்பிட்டாள்.

“அண்ணே, எங்க பூர்வீகமும் உங்க ஊர்தான் போல. அந்த உப்பை நெனச்சா எனக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்குது.”

எதிர்முனையில் அவர் தேம்பினார். “எனக்கு அன்னைக்கே தோணுச்சும்மா. நம்ம ரத்தம்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்ட வரியைத் தட்டினாள்: ‘நுணாக்குறிச்சிக்காரர்கள் அந்தத் துரோகத்துக்காக இன்றும் வருந்துகிறார்கள்.’

‘சான்று?’ என்று கேட்டது மெய்காண் கருவி.

‘நான்’ என்று எழுதினாள்.

கருவி அவள் நெஞ்சுத் துடிப்பை அளந்து பார்த்தது. வருத்தம் நிஜமாகவே இருந்தது. உடனே ஏற்றுக்கொண்டது.