மலைச் சரிவுத் திராட்சை

முதலில் அலறியது, தொட்டி கழுவ வந்த பெண்.

ஒயின் ஆலையின் மூன்றாம் தொட்டிக்குள், சாறு வடித்த பின் மிஞ்சிய திராட்சைத் தோல்களின் மேல், ஆலைக்காரர் குப்புறக் கிடந்தார்.

கையில் மண்வெட்டி. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

"பழம் புளிக்கிறப்போ வர்ற வாயு," என்றார் டாக்டர். "தேங்கி நின்னா ரெண்டு நிமிஷம் போதும்."

"அதை வெளியேத்தத்தானே ஃபேன் இருக்கு?" இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

ஃபேன் ஓடவில்லை. சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது.

சுவிட்ச் அறைச் சாவி இரண்டே பேரிடம். ஒருவர் தொட்டிக்குள் கிடந்தார். இன்னொருவன் அவருடைய தம்பி.

தம்பி திராட்சைக் கூடையோடு வந்து நின்றான்.

"விடிஞ்சதுல இருந்து மலைத்தோட்டத்துல பறிச்சுக்கிட்டிருந்தேன் சார். இதோ பழம்."

"கூட யாரு?"

"யாரும் இல்ல."

ஆலைக்காரரின் மனைவி மெல்ல எழுந்து வந்தாள். ஒயின் ருசி பார்ப்பவள். எரிமலைச் சாம்பலில் விளைந்ததா, கடல் காற்றில் வளர்ந்ததா, பகலில் சுட்டு இரவில் நடுங்கும் பாலைவனத்துக் கொடியா... ஒரு வாய் வைத்தால் மண்ணைச் சொல்லிவிடுவாள். பல நாட்டு ஆலைகள் அவள் வார்த்தைக்குக் காத்திருக்கும்.

கூடையிலிருந்து ஒரு பழம் எடுத்தாள். கண்ணை மூடி மென்றாள்.

"மலையில வேர் பாறையைக் குடைஞ்சுதான் தண்ணி தேடும். அந்தப் பழம் நாக்கைக் கவ்வும். இது தாகமே தெரியாம வளர்ந்தது. ஆத்தோரப் பழம், தம்பி."

"அண்ணி..."

"ஆத்தோரத் தோட்டம் ஆலைக்குப் பின்னாடிதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கூடை நழுவியது.

"மலை ஒயின்ல ஆத்தோரச் சாறு கலந்தேன் அண்ணி. வாங்கினவங்ககிட்ட எல்லாம் சொல்லிடுவேன்னார் அண்ணன். பயமுறுத்தத்தான் அணைச்சேன்... கொஞ்ச நேரத்துல கூப்பிட்டேன். பதில் வரல."

"ஃபேனைத் திரும்பப் போட்டிருக்கலாமேடா," என்றாள்.

அவன் குனிந்து, சிதறிய பழங்களைப் பொறுக்க ஆரம்பித்தான்.

ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு போனது. அவள் தொட்டியோரம் உட்கார்ந்து, கணவரின் மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே பழத்துல பிடிச்சிட்டீங்களேம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எனக்கு ருசியே தெரியாது சார்."

"என்னது?"

"ரெண்டு வருஷம் முன்னால ஒரு காய்ச்சல்ல போச்சு. தெரிஞ்சா தொழில் போயிடுமேன்னு அவர் கூடவே வருவார். ஒரு வாய் குடிச்சுட்டு என் காதுல சொல்லுவார். நான் உரக்கச் சொல்லுவேன். பேரெல்லாம் எனக்கு."

"அப்போ இந்தப் பழம்?"

"தம்பி ஆத்தோரச் சாறு கலக்கறான், இன்னைக்குக் கேட்டுடறேன்னு காலையில பூட்ஸ் மாட்டும்போது சொன்னார். பழத்தை மென்னுக்கிட்டே அவன் முகத்தைப் பார்த்துக் குருட்டாம்போக்குல ஒரு கல்லை விட்டெறிஞ்சேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"கோர்ட்ல வக்கீல் இன்னொரு பழத்தை நீட்டினா என்னம்மா செய்வீங்க?"

அவள் கண்ணாடியை மடித்தாள்.

"டாண்ணு சொல்லிடலாம் சார்... காதுல சொல்றவரைத்தான் வெள்ளைத் துணி போட்டு மூடிட்டீங்க."