வெல்லம் குடித்த தொட்டி

“காலை உதறுங்க! உதறுங்கன்னு சொல்றேன்ல!”

ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டியின் விளிம்பில் குப்புறப் படுத்து, புருஷன் கோட்டைச்சாமியின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள் புஷ்பவள்ளி. குழாயைப் பார்க்கக் குனிந்தவன் வழுக்கி, இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் கிடந்தான். அவனைத் தூக்கிவிடுவது அவளுக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் அவள் ஒரு இழுப்பு இழுத்தால், கீழேயிருந்து யாரோ பதிலுக்கு இழுத்தார்கள்.

“வேரு கீரு மாட்டிக்கிருச்சா?”

“தொட்டிக்குள்ள ஏதுடி வேரு? விரலுடி... விரலு!”

உச்சி வெயில். சுற்றுவட்டாரத்தில் ஈ காக்கை இல்லை. ஊரின் பெரிய வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. கல்யாணம், திருவிழா என்றால்தான் திறப்பார்கள். அப்போது சாக்கடை வெள்ளமாய் வரும். மற்ற நாளெல்லாம் தொட்டிக்குப் பட்டினி. அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும் கிருமிகள் செத்துவிடாமலிருக்க, சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்ற வேண்டும். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை கோட்டைச்சாமிக்கு, ஊற்றுவதென்னவோ புஷ்பவள்ளி. “குடி தங்கம், குடி” என்று சொல்லிச் சொல்லி ஊற்றுவாள்.

“புருஷனுக்கு ஒருநாளாச்சும் இப்படிக் கொஞ்சி ஊத்தியிருக்கியாடி?” என்று அவன் கேலி செய்வான்.

போன வாரத்தோடு வெல்லம் தீர்ந்திருந்தது.

தொட்டி குமிழியிட்டது.

“கரண்டு இல்ல. காத்து ஊதுற மோட்டார் நின்னு கெடக்கு,” அவன் குரல் கிசுகிசுப்பாய் இறங்கியது. “அப்புறம் எப்படிடி குமிழி வருது?”

சாக்கடை நாற்றம் எங்கோ போயிருந்தது. வந்தது வேறு வாசம்.

பச்சைப்பிள்ளை கக்கிய பால் வாசம்.

தண்ணீர் அவன் நெஞ்சைத் தொட்டது.

“கையை விட்டுரு புஷ்பா. நீயும் விழுந்துருவ.”

அவள் விடவில்லை. குமிழிகள் அவள் முகத்துக்கு நேராக வந்து வந்து உடைந்தன. உடையும்போதெல்லாம் ஒரு விக்கல்.

அழுது ஓய்ந்த பிள்ளைக்கு வருமே, அந்த விக்கல்.

“பூமிநாதா,” என்றாள் மெல்ல. “அப்பாவை விட்டுருய்யா. அம்மா இங்கதான இருக்கேன்.”

குமிழி நின்றது.

கோட்டைச்சாமி பொத்தென்று கரையில் வந்து விழுந்தான். கணுக்காலில் சிவப்பாய் விரல் தடங்கள். தன் சுண்டுவிரலை ஒன்றின்மேல் வைத்துப் பார்த்தான். தடம் அதைவிடச் சின்னதாயிருந்தது.

“பூமிநாதன்... நம்ம பிள்ளைக்கு வைக்கணும்னு இருந்த பேருல்ல?” காலை இழுத்துக்கொண்டு தொட்டியைவிட்டு நகர்ந்தான். “அஞ்சு மாசத்துல ஆஸ்பத்திரியில கலைஞ்சு போச்சு, அங்கயே அவுக எடுத்துக்கிட்டாகன்னு சொன்னியே?”

புஷ்பவள்ளி மோட்டார் அறைக்குப் பின்னாலிருந்த கழிப்பறையையே பார்த்தாள். போன ஆவணியில் அவனுக்குச் சோறு கொண்டுவந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடித் தாழ் போட்டுக்கொண்டது அதற்குள்தான். அதன் குழாய் இந்தத் தொட்டியில்தான் வந்து சேர்கிறது.

அவர்கள் முதுகுக்குப் பின்னால் மறுபடி குமிழி எழும் சத்தம்.

“ஆஸ்பத்திரிக்குப் போகையில எம் வயித்துல ஒண்ணுமே இல்லீக,” என்றாள் அவள். “அவனை இங்குட்டுத்தான் விட்டுட்டுப் போனேன்.”